அப்பாவுக்கு "என்சிபி"யிலிருந்து வந்த போன்: உண்மையான என்சிபி எப்படித்தான் வேலை செய்கிறது?

கார்த்தி_உறையூர் எழுதியது:

வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். திருச்சியில் அவரும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள், நான் ஓசூரில் வேலை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூரியர் கம்பெனியின் பெயரைச் சொல்லி போன் வந்திருக்கிறது. உங்கள் ஆதார் எண்ணை வைத்து மும்பையிலிருந்து தைவானுக்கு ஒரு பார்சல் போட்டிருக்கிறார்கள், அதில் 140 கிராம் எம்டிஎம்ஏ என்ற போதைப் பொருள் இருந்தது, நார்கோடிக்ஸ் கன்ட்ரோல் பீரோ, அதாவது போதைப் பொருள் கடத்தலைப் பிடிக்கிற மத்திய அரசு அமைப்பான என்சிபி, பார்சலைப் பிடித்து வைத்திருக்கிறது, அதிகாரியிடம் லைன் கொடுக்கிறேன் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வாட்ஸாப்பில் வீடியோ கால். காக்கிச் சட்டை போட்ட ஒருவன், பின்னால் சிங்க முத்திரை, மேஜையில் கொடி. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது, கேமராவை விட்டு நகர்ந்தால் உள்ளூர் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று ஐந்து மணி நேரம். அம்மா கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அப்பா ஏதோ பென்ஷன் விஷயம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

மூன்று மணிக்கு அப்பா போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போய் எட்டரை லட்சம் ரூபாய் பிக்சட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண் அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "சார், போனில் யாராவது இருக்கிறார்களா" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்தப் பணம் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

பணம் தப்பியது. ஆனால் அப்பா தப்பவில்லை. ராத்திரி தெருவில் வண்டி நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பேசியவன் திருடனாக இருக்கலாம்டா, ஆனால் பார்சல் நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்கிறார். எம்டிஎம்ஏ 10 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 வருடம் என்று அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார், அது சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. "எல்லாம் மோசடிப்பா, விடுங்க" என்று நான் பத்து முறை சொல்லிவிட்டேன். அவருக்கு அது போதாது. படிப்படியாகச் சொன்னால்தான் ஒத்துக்கொள்வார், அவர் பாடம் நடத்திய விதமே அப்படி.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையான என்சிபி ஒரு வழக்கை எப்படித் தொடங்கும்? யார் வருவார்கள், கையில் என்ன காகிதம் இருக்கும், கைது எப்போது, கோர்ட் எப்போது? வருகிற பதில்களை அப்பாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டப்போகிறேன்.

---

முன்னாள்_சுங்கம் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடம் டெபுடேஷனில் என்சிபியில் இருந்தேன். அங்கே பாதிப் பேர் இப்படி வேறு துறையிலிருந்து வந்தவர்கள்தான்: சுங்கம், மத்திய கலால், போலீஸ், துணை ராணுவப் படைகள். நேரடியாகத் தேர்வு எழுதி வருகிறவர்களும் உண்டு. இன்டெலிஜென்ஸ் ஆபீசர், அவருக்கு மேல் சூப்பரின்டென்டென்ட், அப்புறம் மண்டல இயக்குநர் என்று போகும். ரெய்டுக்குப் போவது வழக்கமாகச் சாதாரண உடையில்தான்.

போதைப் பொருள் சட்டம், என்டிபிஎஸ் என்று சொல்வார்களே, அது 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி 1986 மார்ச் 17 அன்று என்சிபி உருவானது. ஆரம்பத்தில் நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தது, 2003-இல் உள்துறைக்கு மாற்றினார்கள். தலைமையகம் டெல்லி, நம்ம சென்னையில் ஒரு மண்டல அலுவலகம். இவ்வளவு போதும், இதை யாரும் எங்கும் படித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த அலுவலகத்தில் எல்லா வேலையும் எழுத்தில் தொடங்கும். ஒரு தகவல் வருகிறது என்று வையுங்கள், இன்ன ரயிலில், இன்ன கோச்சில், இன்ன நிறப் பையோடு ஒருவன் வருகிறான் என்று. தகவல் வாங்கிய அதிகாரி அதை உடனே எழுத வேண்டும். 42-வது பிரிவின் கீழ் ஒரு வீட்டிலோ கட்டடத்திலோ வாரண்ட் இல்லாமல் நுழைய வேண்டுமென்றால் எழுதிய அந்தத் தகவலின் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போயாக வேண்டும். சூரியன் அஸ்தமித்த பிறகு நுழைகிறோம் என்றால் வாரண்டுக்குக் காத்திருக்க முடியாததற்கு என்ன காரணம் என்று அதையும் எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரிப் பொது இடமென்றால் 43-வது பிரிவு, அங்கே இந்த விதி கொஞ்சம் தளர்வு. தகவல் கொடுத்தவன் யார் என்று மட்டும் எங்கேயும் எழுத மாட்டோம். அதைச் சொல்லச் சொல்லி எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 68-வது பிரிவே பாதுகாப்புக் கொடுக்கிறது. அது இல்லையென்றால் ஒருவனும் வாய் திறக்க மாட்டான்.

போனால் இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுவோம். ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், போர்ட்டர் என்று பக்கத்தில் இருக்கிறவர்கள்தான். பாதிப் பேர் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று நழுவிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் முன்னால் பையைத் திறந்து, டெஸ்டிங் கிட்டில் ஒரு சிட்டிகை போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து, எடை போட்டு, பொட்டலம் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, அந்த இடத்திலேயே உட்கார்ந்து மகஜர், அதாவது நடந்ததை எல்லாம் பதிவு செய்கிற அறிக்கை, எழுதுவோம். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எத்தனை மணிக்கு முடித்தோம், யார் யார் இருந்தார்கள், முத்திரையில் என்ன எழுத்து என்று எல்லாம். சாட்சிகள் கையெழுத்து, பிடிபட்டவர் கையெழுத்து. கைதோ பறிமுதலோ நடந்தால் 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை, அது 57-வது பிரிவு. ஒரு ரெய்டு இரண்டு மணி நேரம் என்றால் எழுத்து வேலை விடிய விடிய நடக்கும். கை வலித்துப்போய் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு எழுதிய சக அதிகாரியைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். பார்சலில் போதைப் பொருள் வருவது நிஜம். சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த மாத்திரைப் பொட்டலங்களைச் சுங்கத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று பிடிபட்டால் நாங்கள் முதலில் செய்வது வாயை மூடிக்கொள்வது. பார்சலில் இருக்கிற முகவரிக்காரர் உண்மையான ஆளா, பெயரை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்று சத்தமில்லாமல் விசாரிப்போம். சில சமயம் பார்சலை அப்படியே போகவிட்டு யார் வந்து வாங்குகிறார்கள் என்று பின்தொடர்வோம். 2001-இல் கொண்டுவந்த 50ஏ பிரிவு இதற்காகவே வந்தது, என்சிபியின் இயக்குநர் ஜெனரலோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ அனுமதித்தால்தான் செய்ய முடியும்.

உங்கள் அப்பாவிடம் இந்த ஒரு இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஒருவர் வீட்டில் சரக்கு இருக்கும், ஆதாரம் இருக்கும் என்று சந்தேகப்படுகிற அதிகாரி அவருக்கு முன்கூட்டியே போன் செய்து "உங்கள் மேல் கேஸ் இருக்கிறது" என்று சொல்லுவாரா? சொன்ன அடுத்த நிமிடம் எல்லாம் கழிவறையில் போய்விடும். நாங்கள் கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. போனில் முதலில் சொல்லி, ஐந்து மணி நேரம் பேசி, பிறகு பணம் கேட்கிற இடத்தில் வழக்கும் இல்லை, அதிகாரியும் இல்லை.

---

வழக்கறிஞர்_ஒத்தக்கடை எழுதியது:

மேலே சார் சொன்னது சரி. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மதுரை போதைப் பொருள் சிறப்பு நீதிமன்றத்தில் ஆஜராகிறவன். அதனால் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்வேன்.

கார்த்தி, உங்கள் அப்பா தண்டனையைப் பற்றிப் படித்தது சரி. சட்டம் எடையை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயின் 5 கிராம், 250 கிராம். எம்டிஎம்ஏ அரை கிராம், 10 கிராம். சிறு அளவென்றால் அதிகபட்சம் ஒரு வருடம், நடுவில் இருந்தால் 10 வருடம் வரை, வணிக அளவென்றால் குறைந்தது 10, அதிகம் 20 வருடம், அதோடு ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் அபராதம். அந்த மோசடிக்காரன் 140 கிராம் என்று சொன்னது யோசித்துச் சொன்னதுதான். தேடிப் பார்க்கிற படித்த மனிதர் இன்னும் அதிகமாகப் பயப்படுவார் என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் இதே சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதால்தான் நீதிமன்றங்கள் நடைமுறையில் அவ்வளவு கறாராக இருக்கின்றன. உடலைச் சோதிக்க வேண்டுமென்றால், "மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். 50-வது பிரிவு. 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் அரசியல் சாசன அமர்வுகள் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கின்றன. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் விழுந்த வழக்குகள் ஏராளம். பையைச் சோதிப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அது வேறு கதை.

அப்புறம் வாக்குமூலம். இது நம்ம ஊரில் பிறந்த சட்டம் என்றே சொல்லலாம். சென்னை என்சிபி போட்ட ஒரு ஹெராயின் வழக்கிலிருந்துதான் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பு வந்தது, உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 29, மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அதற்கு முன்னால் பிடிபட்டவரை அலுவலகத்தில் உட்கார வைத்து 67-வது பிரிவில் "நான்தான் செய்தேன்" என்று எழுதி வாங்குவார்கள், அதை வைத்தே தண்டனையும் வந்துவிடும். என்சிபி அதிகாரி போலீஸ் அதிகாரி இல்லை, அதனால் அவரிடம் சொன்ன ஒப்புதல் செல்லும் என்பது பழைய வாதம். நாட்டின் பெரிய அதிகாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸுக்கு உள்ள கட்டுப்பாடு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? பெரும்பான்மைத் தீர்ப்பு அதை நிராகரித்தது. அவர்களும் போலீஸ் அதிகாரிகள்தான், அந்த ஒப்புதல் ஆதாரமாகாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் பழைய கட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெறும் 67 வாக்குமூலத்தை மட்டும் நம்பி உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

67-வது பிரிவு இன்னமும் இருக்கிறது. அதன்படி ஒருவரை விசாரணைக்கு அழைத்துத் தகவல் கேட்கலாம், ஆவணம் கேட்கலாம். அதற்கு எழுத்தில் நோட்டீஸ் வரும், எந்த அலுவலகம், என்ன தேதி, என்ன வழக்கு எண் என்று இருக்கும். நேரில் போக வேண்டும். போலீஸ் விசாரணைக்கான ஆஜர் நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் கைது என்று ஒன்று இந்திய சட்டத்தில் எங்கேயும் கிடையாது. கைது என்றால் ஆள் நேரில் வந்து, காரணத்தைச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பெயிலுக்குப் பணத்தை யாருடைய கணக்குக்கும் மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

சாருடைய துறைமீது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வணிக அளவு வழக்கில் 37-வது பிரிவின்படி, இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி செய்ய மாட்டார் என்று நீதிபதி திருப்தி அடைந்தால்தான் பெயில். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள், அரசு வழக்கறிஞர் காரணம் காட்டினால் ஒரு வருடம் வரை. அவ்வளவு நாளும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பையைச் சுமந்து வந்த பையன்தான். ஆனால் பொய்யாக, தேவையில்லாமல் சோதனை போட்ட அதிகாரிக்கு 58-வது பிரிவில் என்ன தண்டனை தெரியுமா, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

ராம்நாடு_சேகர் எழுதியது:

வக்கீல் சார் கடைசியில் சொன்னதைத்தான் நானும் கேட்கணும் என்று நினைத்தேன். எங்கள் கடற்கரையில் வாரம் ஒரு தடவை ஏதாவது பிடிபடுகிறது. கஞ்சா மூட்டை இலங்கைக்குப் போகிறது என்று ஒரு நாள் கடலோரக் காவல் குழுமம் பிடிக்கும், ஒரு நாள் சுங்கம், ஒரு நாள் மாநிலப் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச், ஒரு நாள் மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறையான டிஆர்ஐ, அபூர்வமாக என்சிபி. பிடிபடுகிறது எல்லாம் படகு ஓட்டுகிறவன், மூட்டை தூக்கியவன். அனுப்பியவன் எங்கே? இவ்வளவு துறை எதற்கு, யார் பொறுப்பு என்றே எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் மீன்பிடிக்கப் போகிற பசங்களை எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிற நிலைமை ஆகிவிட்டது.

---

முன்னாள்_சுங்கம் எழுதியது:

சேகர், உங்கள் கோபம் நியாயம். வக்கீல் சார் சொன்னதில் 58-வது பிரிவு பற்றி எனக்கும் அதே எண்ணம்தான், மற்றதில் கொஞ்சம் மாறுபடுவேன், அது பிறகு.

என்டிபிஎஸ் சட்டம் பல துறைகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. மாநிலப் போலீஸ், சுங்கம், டிஆர்ஐ, கடலோரக் காவல் படை எல்லாருமே பிடிக்கலாம். நாட்டில் பதிவாகிற வழக்குகளில் பெரும்பங்கு மாநிலப் போலீஸ் போடுவதுதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மருந்துக்காக அரசு உரிமத்தோடு அபின் பயிரிடுகிறார்கள், அதைப் பார்த்துக்கொள்வது குவாலியரில் இருக்கிற மத்திய போதைப் பொருள் பணியகம். அது வேறு, என்சிபி வேறு, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்வார்கள். இத்தனை பேரையும் ஒருங்கிணைப்பதுதான் சட்டப்படி என்சிபியின் முதல் வேலை, அதோடு ஐ.நா. உடன்படிக்கைகளின்படி வெளிநாட்டு அமைப்புகளோடு தகவல் பரிமாற்றம். 2016-இல் இதற்காக என்கார்ட் என்ற ஒருங்கிணைப்பு அமைப்பைத் தொடங்கினார்கள், 2019-இல் அதை மாவட்ட அளவு வரை நான்கு அடுக்காக ஆக்கினார்கள்.

2021 செப்டம்பரில் குஜராத் முந்த்ராவில் இரண்டு கன்டெய்னரில் டால்க் கல் என்று சொல்லி வந்த கிட்டத்தட்ட 3,000 கிலோ ஹெராயின், பிடித்தது டிஆர்ஐ, விசாரணை போனது தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏவுக்கு. 2023 மே மாதம் கேரளக் கடலுக்கு வெளியே ஏறக்குறைய 2,500 கிலோ மெத்தாம்பெட்டமின், அது கடற்படையும் என்சிபியும் சேர்ந்து செய்தது. 2024 பிப்ரவரியில் டெல்லியில் சத்து மாவுப் பொட்டலங்களுக்குள் 50 கிலோ சூடோஎபெட்ரின், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தகவலில் தொடங்கி சென்னை வரைக்கும் நூல் வந்தது. அந்த வழக்கில் என்சிபி மூட்டை தூக்கியவனோடு நிற்கவில்லை என்பதைப் பாருங்கள். சூடோஎபெட்ரின் சளி மருந்துக்கும் போகிற பொருள், அதே பொருளிலிருந்துதான் மெத்தாம்பெட்டமினும் செய்கிறார்கள். அதனால் யார் தயாரிக்கிறார்கள், யாருக்கு விற்றார்கள் என்று என்சிபியிடம் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் ரெய்டைவிட முக்கியமான வேலை இந்தக் கணக்கைப் பார்ப்பது. ஒரு பேரல் எங்கே காணாமல் போனது என்று கண்டுபிடித்தால் பத்தாயிரம் பொட்டலத்தைத் தடுத்த மாதிரி. ஆனால் அது செய்தியில் வராது.

அனுப்பியவன் ஏன் பிடிபடுவதில்லை என்றால், மூட்டை தூக்கியவனுக்கு அவனைத் தெரியாது. ஆந்திரா ஒடிசா எல்லை மலையில் ஒருவன் கொடுத்தான், நடுவில் லாரி மாறியது, வேதாரண்யத்திலோ மண்டபத்திலோ ஒருவன் வாங்கினான். ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், அவ்வளவுதான் தெரியும். போன் நம்பர், பணம் போன கணக்கு, லாட்ஜ் ரிஜிஸ்டர் என்று பின்னால் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆள் வேண்டும். நாடு முழுவதற்கும் என்சிபிக்கு இருக்கிற ஆட்கள் மிகக் குறைவு. சொத்தை முடக்கும் அதிகாரம் சட்டத்தில் ஐந்து-ஏ அத்தியாயத்தில் இருக்கிறது, அதைச் சரியாகப் பயன்படுத்தினால் மேலே இருக்கிறவனுக்கு வலிக்கும். நாங்கள் அதை இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

செவிலியர்_தேன்மொழி எழுதியது:

நான் போதை மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் பிடிப்பதையும் கோர்ட்டையும் பேசுகிறீர்கள், எங்கள் வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை.

பெற்றோர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து முதலில் கேட்பது "பேரை எழுதுவீங்களா மேடம், போலீஸுக்குச் சொல்லிடுவீங்களா" என்பதுதான். இந்தப் பயத்தில் ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, பையன் ஊசி போடுகிற நிலைக்கு வந்த பிறகு வருகிறார்கள். சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர்மேல் பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருந்தாலும், அவராக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம். இதை எத்தனை ஸ்டேஷனில் சொல்கிறார்கள்? ரெய்டு போட்டோ வருகிற பேப்பரில் இதையும் நான்கு வரி போடலாம்.

வீட்டில் யாருக்காவது பிரச்சினை இருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், ஆலோசனை கிடைக்கும். கடத்தல், விற்பனை பற்றித் தகவல் சொல்ல வேண்டுமென்றால் 1933, அது என்சிபியின் மானஸ் உதவி எண், 2024-இல் தொடங்கினார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்தி தம்பி, உங்கள் அப்பா ராத்திரி எழுந்து உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணி நேரம் மிரட்டப்பட்டவருக்கு அது வரத்தான் செய்யும். "ஏன் ஏமாந்தீங்க" என்று வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

கார்த்தி_உறையூர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊருக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தேன்மொழி அக்கா சொன்னது எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது, "ஏன்பா நம்பினீங்க" என்று நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

சுங்கம் சார் சொன்ன அந்தக் கழிவறை விஷயத்தைக் கேட்டதும் அப்பா நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம்டா, சந்தேகப்படுகிறவனிடம் போய் யாராவது சொல்லுவானா" என்றார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் குரல் பழைய மாதிரி இருந்தது. அப்புறம் பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்கச் சொன்னது: 140 கிராம் என்றால் சுத்தமான எம்டிஎம்ஏ எடையா, அதில் மாவு, சுண்ணாம்பு எதையாவது கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையா? பிடித்த பொருளை வருடக்கணக்கில் வைத்திருந்தால் யாராவது மாற்றிவிட மாட்டார்களா?

இன்னொன்று, அவர் ஆதார் கார்டு இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், நேற்றுத்தான் சொன்னார். என்ன செய்வது?

---

வழக்கறிஞர்_ஒத்தக்கடை எழுதியது:

அப்பாவின் முதல் கேள்விக்காக உச்ச நீதிமன்றத்தில் பெரிய சண்டையே நடந்தது. 2008-இல் ஒரு தீர்ப்பு சுத்தமான பொருளின் எடையை மட்டும் பார் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கலப்படத்தோடு சேர்த்து மொத்த எடைதான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் விற்கிற கலப்படச் சரக்கில் போதைப் பொருள் கொஞ்சம்தான் இருக்கும், அதனால் சிறு வியாபாரிகளுக்கு இது பெரிய அடி. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனால் இப்போதைய சட்டம் அதுதான்.

இரண்டாவது கேள்வியும் சரியான கேள்வி. அதற்காகத்தான் 52ஏ பிரிவு. பறிமுதல் செய்ததைப் பட்டியல் போட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்து, போட்டோ எடுத்து, அவர் சான்று கொடுத்த பிறகு மீதியை அழித்துவிடலாம். அந்தப் பட்டியலும் மாதிரியும் போட்டோவும்தான் கோர்ட்டில் முதன்மை ஆதாரம். 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது, 2022 டிசம்பரில் தனி விதிகளே வந்துவிட்டன. கஞ்சா, அபின், சரஸ் (கஞ்சாப் பிசின்) என்றால் 24 கிராம், மற்றதற்கு 5 கிராம், இரண்டு இரண்டு மாதிரி. கிட்டங்கியில் எலி தின்றுவிட்டது, எடை குறைந்துவிட்டது என்று சொல்லுகிற காலத்துக்கு இது முடிவு கட்ட வேண்டும், இன்னும் முழுதாக முடியவில்லை.

ஆதார் விஷயம்: உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள், பணம் போகவில்லை என்றாலும் கொடுங்கள். ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். பேங்கில் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸாப் சாட்டை அழிக்க வேண்டாம், அதுதான் உங்கள் ஆதாரம்.

---

கார்த்தி_உறையூர் எழுதியது:

1930-க்குப் பேசிவிட்டேன், புகார் எண் வந்துவிட்டது. பயோமெட்ரிக்கும் பூட்டியாகிவிட்டது. நாளைக் காலை சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போகலாம் என்றிருந்தேன், அப்பா தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்த நம்பர்கள், எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள், எந்த அக்கவுண்டுக்குப் பணம் போடச் சொன்னார்கள் என்று ஒரு முழு நீளத் தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தான் சாப்பாடு வைத்த நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதையும் எழுதுகிறார்.